பொதியும் பொருளும்

பரிசிலைப் பாடிய இலக்கியம் எம்மிடம் ஏராளமாக உண்டு. அப்பரிசிலைப் பொதிந்த துணியைப் பற்றிய திறனாய்வோ மிக அரிது. யப்பானியரின் கோலத்துணிகள் உலகெங்கும் பாராட்டுப் பெற்றுவரும் இக்காலத்தில், “எம்மவரிடம் இப்படியொரு கலை இல்லையே” என்னும் ஏக்கக் குரல் எமது படித்த வட்டாரங்களிலும் ஒலிக்கின்றது. அவ்வேக்கம் எதனைத் தேடி ஏமாறுகின்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் அத்துணிகளை அறிந்துகொள்வோம். யப்பானிய மொழியிற் ‘புரோஷிக்கி’ எனப்படுவது ஏறத்தாழச் சதுரமான ஒரு துணி. ஏறத்தாழ என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். ஒரு பக்கம் சிறிதளவு நீண்டிருப்பதே வழக்கம். புரோ என்றால் நீராடுமிடம். ஷிக்கி என்றால் விரிப்பு. நீராடச் சென்றோர் உடைகளைப் பொதிந்து வைக்கவும், விரித்து நின்று உடை மாற்றவும் பயன்பட்ட துணி என்பதால் இப்பெயர் ஏற்பட்டதென்பர். பொதியும் வழக்கம் பெயரினும் பழையது. நாரா நகரிலுள்ள ஷோசோயின் களஞ்சியத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பொதிதுணிகள் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. எடோக் காலத்தில் (1603–1868) பொது நீராட்டுக் கூடங்கள் பெருகின, வணிகரும் பெருகினர். கடைப்பெயரும் குலச்சின்னமும் பொறித்த துணிகள் தெருவெங்கும் உலாவின. துணி பண்டத்தையும் சுமந்தது, விளம்பரத்தையும் சுமந்தது. பச்சை நிலத்தில் வெள்ளைக் கொடிகள் சுருண்டு படரும் ‘கரக்குசா’ என்னும் கோலம் பின்னர் வீட்டுக்கு வீடு பரவியது. முடிவின்றிப் படரும் கொடியாதலால் அது நீடுவாழ்வின் குறியாகக் கொள்ளப்பட்டது. கள்வனை வேடிக்கைச் சித்திரமாக வரைவோர் அவன் முதுகில் இதே பச்சைத் துணி மூட்டையை ஏற்றிவிடுவதும் உண்டு. ஒரு கோலம் மக்களிடையே முற்றாகப் பரவிவிட்டது என்பதற்கு அது நகைப்புக்கு இடமாவதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பரிசிலோடு நெருங்கிய தொடர்புடையது ‘புக்குசா’ என்னும் மற்றொரு துணி. இது கட்டுவதற்கன்றி மூடுவதற்கு உரியது. அரக்குத் தட்டில் வைத்த பரிசிலின் மேல், பட்டில் ஊசிவேலையோ வண்ணவேலையோ செய்த புக்குசாவைப் போர்த்தி அனுப்புவர். திருமணமெனில் நாரையும் ஆமையும், அல்லது தேவதாரு, மூங்கில், பிளம் என்னும் மூன்றும் இடம்பெறும். பெறுபவர் துணியின் கோலத்தைக் கண்டு சுவைப்பார், பரிசிலை எடுத்துக்கொள்வார், துணியையும் தட்டையும் உரியவருக்கே திருப்பி அனுப்புவார். புரோஷிக்கியிலும் முறை இதுவே. கொண்டுசென்றவர் தாமே முடிச்சை அவிழ்த்துப் பொருளை மட்டும் கையளித்து, துணியை மடித்துத் தம்மோடு கொண்டுபோவதே மரியாதை. பரிசில் வந்த ஏனத்தைத் திருப்புகையில் அதில் ஒரு தீப்பெட்டியோ சில தாள்களோ இட்டு அனுப்பும் சிறு வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

ஆகவே யப்பானியத் துணியின் கோலம், போய்வரும் ஒன்றின் கோலம். அது கொடுத்தவரின் சுவையையும் செல்வத்தையும் ஒருங்கே சுமந்து சென்று, ஒரு கணம் காட்டிவிட்டு மீள்கின்றது. இதில் நயமும் உண்டு, செருக்கும் உண்டு. புக்குசாவை உச்சநிலைக்குக் கொண்டுசென்றவர்கள் படைத்தலைவர் குலத்தவரும் பெருவணிகரும் என்பதை மறந்து அதன் அழகை மட்டும் பேசுவது அரைத் திறனாய்வு.

இனி எம்மிடம் வருவோம். பரிசில் என்றதும் தமிழ் மாணவருக்கு நினைவில் எழுவது பொற்கிழி. கிழி என்பது துணித்துண்டு. பொன்னை முடிந்த துணி பொற்கிழியாயிற்று. கொடையின் பெயரே பொதியின் பெயராக நிற்பதை இங்கு உற்றுநோக்க வேண்டும். பணமுடிப்பு என்று இன்றும் சொல்கிறோம். கையளிக்கப்படுவது வங்கிக் காசோலையாக இருப்பினும் முடிப்பு என்னும் சொல் அகலவில்லை. பரஞ்சோதியாரின் திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் யாவரும் அறிந்தது. அப்பர் தேவாரமும் இச்செய்தியைக் குறிப்பிடுகின்றது. பாண்டியன் அக்கிழியைச் சங்க மண்டபத்திலே பலரும் காணத் தூக்குவித்தான். தருமி அதனை அறுக்கப் போகும் வேளையிலேயே நக்கீரர் தடுத்தார். ஒரு பரிசிலின் பொதிக்கும் அதன் அவிழ்ப்புக்கும் இடையில் ஒரு திறனாய்வாளன் வந்து நிற்பது இவ்விலக்கியத்தின் தனிச்சிறப்பு. அத்துணியின் நிறத்தைப் பற்றியோ கோலத்தைப் பற்றியோ அங்கு எவரும் கவலைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான திசையில் அமைந்தது குசேலர் கதை. பொற்கிழி அரசனிடமிருந்து புலவனுக்கு இறங்குகின்றது; குசேலரின் அவல் வறியவனிடமிருந்து அரசனுக்கு ஏறுகின்றது. குசேலம் என்றால் கிழிந்த ஆடை. பெயரிலேயே கந்தையைச் சுமந்த ஒருவர், கந்தையில் முடிந்த அவலோடு துவாரகைக்குப் போகிறார். மாளிகையைக் கண்டதும் அம்முடிச்சை வெளியே காட்ட நாணுகிறார். கண்ணனோ தானே பற்றி இழுத்து அவிழ்க்கிறான். அக்காட்சியின் உணர்ச்சி முழுவதும் முடிச்சிலேதான் தங்கியிருக்கின்றது. அதே துணி பூவேலை செய்த பட்டாக இருந்திருப்பின் கதையே இல்லை. அசோகவனத்துச் சீதை சூடாமணியைத் தன் ஆடையிலே முடிந்து வைத்திருந்ததைக் கம்பரும் சொல்வார். தனியான பொதிதுணிகூட அங்கில்லை. உடுத்த துணியே பொதி.

அப்படியாயின் தமிழர் பூவேலை செய்த துணியை அறியாதவரா? பொருநராற்றுப்படையைப் படித்தோர் அவ்வாறு கருதார். ஈரும் பேனும் குடியிருந்த, தையல் மேல் தையல் போட்ட பொருநனின் கந்தையை அகற்றி, கண்பார்வை நுழையாத நுண்மையும் பூத்தொழிலும் அமைந்த ஆடையைக் கரிகாலன் நல்குகிறான். எமது மரபிற் கோலத்துணி பரிசிலைப் பொதிவதன்று; அதுவே பரிசில். யப்பானியர் பொதியின் மேல் ஏற்றிய கலையை நாம் பொருளின் மேல் ஏற்றினோம். கோலமிட்ட பொதிதுணியைத் தேடி ஏமாறுபவர்கள் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்வதில்லை.

யாழ்ப்பாணத்துத் திருமணத்தில் இம்மரபு இன்றும் உயிரோடிருக்கின்றது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கூறை, தாலியோடு தட்டத்தில் வைக்கப்பட்டுச் சபையோரிடம் கொண்டு செல்லப்படும். பெரியோர் தொட்டு ஆசி கூறுவர். கூறையை எதனாலும் மூடுவதில்லை. சரிகையும் நிறமும் எல்லார் கண்ணுக்கும் தெரியவேண்டும் என்பதே அச்சடங்கின் உட்கிடை. விலையும் தெரியவேண்டும் என்பது அதனினும் உட்கிடை. புக்குசாவைக் கண்டு வியக்கும் நாம், மடித்து வைத்த கூறையின் மேற்பக்கம் எது இருக்கவேண்டும் என்று வீட்டுப் பெண்கள் எடுத்துக்கொள்ளும் கவனத்தைக் கலையென்று எண்ணிப் பார்த்ததில்லை.

பலகாரம் போகும் வழி வேறு. அதற்கு உரியது பனையோலைப் பெட்டி. சார்வோலையை வெயிலிற் காயவைத்து, ஈர்க்குக் கழித்து, ஒரே அகலத்தில் வார்ந்து, அதிற் சிலவற்றைச் சாயத்திற் காய்ச்சி எடுத்து, வெள்ளோலையோடு மாற்றி மாற்றி இழைக்கும்போது கட்டங்களும் கோணங்களும் தாமாகவே பிறக்கின்றன. மூடற்பெட்டி, கொட்டப்பெட்டி, பனங்கட்டிக் குட்டான், நாரினால் விளிம்பு பொத்திய கடகம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. துணியில் இல்லாத கோலம் எம்மூரில் ஓலையில் இருந்தது. யப்பானியத் துணியைப் போலவே பெட்டியும் போய்வருவது. அது வெறுமையாகத் திரும்பலாகாது. கைப்பிடி அரிசியோ இரண்டு மாங்காயோ உள்ளே இருக்கவேண்டும். பெட்டியைத் திருப்பாமல் வைத்துக்கொண்ட வீட்டாரைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை இவ்விதழின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் எமது கட்டுரையும் பழமை போற்றும் பாடலாகிவிடும். பெட்டி எல்லா வீடுகளுக்கும் போய்வந்ததா? சாதியடுக்கு இறுகிய குடாநாட்டில் பெட்டி சரிசமமானவர்களுக்கு இடையிலேதான் போய்வந்தது. குடிமை செய்தோருக்குக் கொடுக்கப்பட்டது பரிசில் எனப்படவில்லை. அவர்களிடமிருந்து மீள் பலகாரத்தை வாங்கியுண்ணும் வழக்கமும் இல்லை. சிரட்டையில் தேநீர் வார்த்த சமூகம் அது. திருமண வீட்டிலும் மரண வீட்டிலும் மேலே கட்டுவதற்கும் நிலத்தில் விரிப்பதற்கும் வெள்ளைத் துணி கொண்டுவந்தவர்கள் வண்ணார் என அழைக்கப்பட்ட சலவைத் தொழிலாளர். கோலமற்ற அவ்வெண்மை எளிமையின் அடையாளமன்று; ஒரு மக்கட் பிரிவினரின் கடமையுழைப்பு அதில் வெளுத்திருந்தது. திருக்குறிப்புத் தொண்டரைப் பெரியபுராணத்தில் வணங்கிக்கொண்டே அவரது தொழிலினரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியவர் பலர். யார் எந்தத் துணியை எவ்வாறு உடுக்கலாம், யார் தோளிற் சால்வை இடலாகாது என்றெல்லாம் கட்டுப்பாடு விதித்த ஊரில், துணியின் அழகைப் பற்றிய பேச்சு துணிவோடு பேசப்பட வேண்டிய பேச்சு. பொதுவிடங்களிற் சாதி காரணமாக மறித்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957 இலேதான். அதற்குப் பின்னும் 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலிற் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

யப்பானியரின் பொதிதுணிக்கும் இக்கரைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அதுவும் உழைப்பின் வழியே வந்த தொடர்புதான். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பனி 1641 முதல் நாகசாக்கியிலுள்ள தெஜிமாத் திடலில் இருந்து யப்பானோடு வாணிகம் செய்தது. அதே கும்பனி 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. கும்பனிக் கப்பல்கள் சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளை யப்பானுக்குக் கொண்டுசென்றன. அங்கே அவற்றுக்குச் ‘சரசா’ என்று பெயர். கோடிட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்குச் ‘சந்தோமே’ என்றே பெயர் வழங்கலாயிற்று. மயிலாப்பூரையடுத்த சாந்தோமின் பெயரே கடல் கடந்து துணியின் பெயராயிற்று. யப்பானியத் தேநீர்க் கலைஞர் சரசாவின் சிறு துண்டைக்கூட வீணாக்கவில்லை. தேயிலைச் சிமிழுக்குப் பை தைத்தனர். தேநீர்க் கலங்களின் பேழைகளைப் பொதிந்தனர். எஞ்சிய துணுக்குகளை ஏட்டில் ஒட்டிப் பேணினர். சரசாக் கோலங்களைத் தொகுத்து ‘சரசா பென்ரான்’ என்னும் நூலும் 1778 இல் வெளிவந்தது. ஹிக்கோனே நாட்டை ஆண்ட ஈ குடும்பத்தார் சேர்த்த சரசாத் துண்டுகள் ஏறத்தாழ 450 தோக்கியோ தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. தமிழன் உடுக்கவும் விரிக்கவும் செய்த கோலத்துணி யப்பானில் விலைமதிப்பற்ற பொதியாயிற்று.

அத்துணிகளின் உயிர் அவற்றின் சிவப்பு. அச்சிவப்பைத் தந்தது சாயவேர். இம்பூறல் என்றும் வழங்கும் இச்சிறு பூண்டு மணற்கரைகளில் வளர்வது. சிப்பிச் சுண்ணம் கலந்த மணலில் விளைந்த வேரே நல்ல சிவப்பைத் தரும். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியிற் படிகாரக் கரைசலால் எழுதி, பின்னர் வேரோடு சேர்த்துக் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்புப் பற்றும். எழுதும்போது கண்ணுக்குத் தெரியாத கோலம் கொதிநீரில் வெளிப்படும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரைகளிலும் கிண்டப்பட்ட வேர் ஒல்லாந்தரின் தனியுரிமைப் பண்டமாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஆணையாளராக இருந்த ஸ்வார்டெக்ரூன் 1697 இல் விட்டுச்சென்ற அறிவுறுத்தற் குறிப்பிலும் சாயவேருக்கு இடமுண்டு. வேர் கிண்டுவது குறிப்பிட்ட பிரிவினர்மீது கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. தெஜிமாவில் இறங்கிய எத்துண்டிலும் அவர்களின் பெயர் இல்லை. சோழமண்டலத்துச் சாயத் தொட்டிகளில் இக்கரை வேரும் அக்கரை வேரும் ஒன்றாகவே கொதித்தன. 1868 இல் செருமானிய இரசாயனவியலாளர் இருவர் அலிசரின் என்னும் செந்நிறப் பொருளைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். சில ஆண்டுகளில் ஆலைச்சாயம் மலிந்தது. வேருக்குக் கேள்வி அற்றது.

கலைத் திறனாய்வு இவற்றை எவ்வாறு நோக்கியுள்ளது? இலங்கைத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை வெளியிட்டார். கைவினைஞனையும் கலைஞனையும் பிரிக்கலாகாது, பயன்பாட்டைப் பிரித்து அழகைக் காணலாகாது என்னும் அவரது கொள்கை இன்றும் வலுவுடையது. அந்நூலின் களம் கண்டி நாடு. குடாநாட்டுப் பெட்டியும் பாயும் அதன் எல்லைக்கு அப்பால் நின்றன. அவர் 1917 இல் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் பணியேற்றார். அதே அரும்பொருளகத்தின் சீன யப்பானியப் பகுதியைச் சில ஆண்டுகளுக்கு முன் பொறுப்பேற்று நடத்தியவர் ‘தேநீர் நூல்’ எழுதிய ஒக்காக்குரா. யப்பானில் யனாகி சோயெத்சு 1925 அளவில் ‘மிங்கெய்’, அதாவது மக்கட் கைவினை, என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்து, பெயரறியாக் கைவினைஞனின் நாட்பாவனைப் பொருளிலேயே உயர்ந்த அழகு உறைகின்றது என்று வாதிட்டார். 1936 இல் அதற்கென ஓர் அரும்பொருளகமும் கண்டார்.

இவ்வறிஞரிடம் நாம் கற்கவேண்டியது மிகுதி. ஆனாற் பெயரறியாக் கைவினைஞன் என்னும் கருத்தை யாழ்ப்பாணத்திலிருந்து நோக்குமிடத்து ஒரு நெருடல் தோன்றுகின்றது. யனாகிக்குப் பெயரின்மை ஒரு பண்பு, தன்முனைப்பற்ற நிலை. வேர் கிண்டியவருக்கும் வெள்ளை விரித்தவருக்கும் பெயரின்மை பண்பன்று. அவர்களைப் பெயர்சொல்லி அழைக்க ஊர் மறுத்ததன் விளைவு. குமாரசுவாமியும் சாதிமுறையிற் கைத்தொழில் மரபின் காப்பரணைக் கண்டார். அரணுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அது சுவராகவும் இருந்தது. பொருளின் அழகை முழுமையாக அறியவேண்டுமெனின் அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, எந்த முறையில் மீண்டது என்றும் கேட்கவேண்டும். இக்கேள்வியைப் புக்குசாவிடமும் கேட்கலாம். கூறைத் தட்டத்திடமும் கேட்கலாம்.

இன்றைய யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்கு வேறொரு கூர்மை உண்டு. இலங்கைத் தமிழிற் பொதி என்ற சொல் அஞ்சலகப் பொதிக்கும் பரிசுப் பொதிக்கும் உரியதாயிருந்தது. போர்க்காலம் அதற்கு ஒரு புதிய அடைமொழியைத் தந்தது: நிவாரணப் பொதி. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு அகன்றபோது, பழஞ்சேலைகளிலும் சாரங்களிலும் கட்டிய பொட்டளிகளே அவர்களின் வீடாயின. (எடோ நகரத்தார் தீவிபத்துக்கு அஞ்சிப் படுக்கையின் கீழே பெரிய புரோஷிக்கி ஒன்றை விரித்து உறங்கினர், தீமணி ஒலித்தால் நான்கு மூலையையும் பற்றி முடிந்துகொண்டு ஓடுவர். பரிசில் பொதியும் துணி ஓட்டத்துக்கும் உதவும் என்பதை அவர்களும் அறிந்திருந்தனர்.) பொட்டளியோடு போனவர்களைத் தேடி நிவாரணப் பொதி வந்தது. அரிசி, மா, சீனி, பருப்பு. வெளியே கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இலச்சினையும். எடோ வணிகன் துணியிற் கடைப்பெயர் பொறித்ததும் இதுவும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. ஆனால் அவன் துணி அவனிடமே மீண்டது. வாங்கியவருக்கு அதைத் திருப்பும் மதிப்பு இருந்தது. நிவாரணப் பொதியைப் பெற்றவர் புகைப்படத்துக்கு நிற்க வேண்டியிருந்தது. அவரது பெட்டியில் இரண்டு மாங்காய் வைத்து அனுப்ப அங்கு முகவரி இல்லை. பசியின் முன் இதைச் சொல்வது எளிதன்று; கொடுத்தவர்களின் நன்னோக்கையும் நாம் ஐயுறவில்லை. எனினும் கண்ணன் குசேலரின் முடிச்சைத் தானே அவிழ்த்ததையும், இங்கே பெறுபவரின் முகமே பொதியின் மேலட்டையாக்கப்பட்டதையும் ஒப்பிடாமல் இருக்க இயலவில்லை.

போருக்குப் பின் ஓலைப் பெட்டிக்கு மீண்டும் மதிப்பு வந்துள்ளது. 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களிலும் நகரக் கடைகளிலும் வண்ணப் பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. புலம்பெயர்ந்தோர் விடுமுறையில் வந்து வாங்கிச் செல்கின்றனர். 2017 செப்ரெம்பரில் பொலித்தீன் உணவுத் தாள்கள் தடைசெய்யப்பட்டதும் ஓலைப் பொருளுக்கு ஓரளவு ஆதரவாயிற்று. இழைக்கும் பெண்களுக்கு வருமானம் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் தொரந்தோவின் கண்ணாடி அலுமாரியில் அமர்ந்துவிட்ட பெட்டி இனித் திரும்பி வராது. அது நினைவுப்பொருள், போய்வரும் பொருளன்று. புரோஷிக்கியைப் பின்பற்றி யாழ்ப்பாணக் கோலம் அச்சிட்ட பொதிதுணி செய்யலாமே என்று யோசனை கூறுவோரும் உளர். செய்யலாம். அத்துணியை அவிழ்த்தபின் யார் மடித்து வைத்துக்கொள்வது என்பதையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும்.

நிவாரணப் பொதிகள் வந்த அச்சிட்ட வெற்றுப் பைகளை எம் பெண்கள் எறிந்துவிடவில்லை. தையலைப் பிரித்து, ஓரத்தை மடித்தடித்து, முற்றத்தில் விரித்து ஒடியல் காயவிட்டார்கள். இலச்சினையின் மேல் வெயில் அடித்து எழுத்து மங்கியது. காய்ந்த புழுக்கொடியல் அதே பையிற் கட்டப்பட்டு, அடுத்த ஊரில் இன்னும் முகாமில் இருந்த உறவினருக்குப் போயிற்று.